வரைபடத்தில் வட்டமிடாத இடம்

காலை ஒன்பதுக்குக் கப்பல் வந்து
சதுக்கத்தின் நான்காவது சுவராக நின்றுகொள்கிறது.
மூன்று பக்கம் மாளிகை, ஒரு பக்கம் கடல் என்று
நான் சொல்லி முடிப்பதற்குள்
கடலைக் காணோம்.

"நான்கு மணி நேரம்தான். எதைப் பார்க்கலாம்?"

ட்ரியெஸ்தே, தகவல் மையம், இரண்டாம் ஜன்னல்.
அட்டையில் என் பெயர் ஒந்தினா.
இருபத்தாறு வருடமாக நீல மையில் வட்டமிடுகிறேன்.

இது மிராமாரே. வெள்ளைக் கோட்டை.
கட்டியவன் கடல் தாண்டி மகுடம் சூடப் போனான்,
பெட்டியில் திரும்பினான்.
அங்கே உறங்குகிறவர்க்கு அயலூரில்தான் சாவு என்பார்கள்.
பயம் வேண்டாம், பொழுது சாய்ந்ததும்
எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

இது ரோமானிய அரங்கு. எதிரே காவல் தலைமையகம்.
ஆயிரக்கணக்கில் ஆட்கள் அமர்ந்த படியில்
இன்று மூன்று பூனைகள்,
அடுத்த காட்சிக்குக் காத்திருக்கிற முகத்தோடு.

காப்பி கேட்கும்போது மட்டும் கவனம்.
நீங்கள் நினைத்தது வராது.
'நேரோ' என்றால் கறுப்பு.
'காப்போ இன் பி' என்றால்
விரலளவு கண்ணாடிக் குவளையில் ஒரு மிடறு,
மேலே ஒரு சொட்டு நுரை.

காற்றின் பெயர் போரா. இன்று இல்லை.
இருந்தால் நான் சொல்லவேண்டியதில்லை,
உங்கள் தொப்பி முன்னே போகும், நீங்கள் பின்னே.
மறுநாள் குப்பைத்தொட்டிகளில் ஒடிந்த குடைகள்
வௌவால்களாகக் குவிந்து கிடக்கும்.

ஊரோரம் ஒரு பழைய அரிசி ஆலை.
போர்க்காலத்தில் அங்கே மனிதர்களை எரித்தார்கள்.
யாராவது கேட்டால்
பேனாவை மூடி வைத்துவிட்டு வழி சொல்வேன்.
இன்று ஒருவர் கேட்டார்.
பேருந்து எண்ணைச் சொன்னேன்,
திரும்பி வரும் பேருந்தின் நேரத்தையும்.

பிறகு சிவப்புத் தொப்பிப் பெண்.
மூக்கு வெயிலில் தோலுரிந்திருந்தது.
"இதெல்லாம் சரி. நீங்கள் எங்கே போவீர்கள்?"

வரைபடத்தின் மூலையில்,
நகைக்கடை விளம்பரத்துக்குச் சற்று மேலே
விரலை வைத்தேன்.
வட்டமிடவில்லை.

பழைய கலங்கரை விளக்கின் காலடியில்
கூழாங்கல் கரை. நுழையச் சில்லறை போதும்.
கரையை நடுவே வெட்டுகிறது ஒரு வெள்ளை மதில்.
இந்தப் பக்கம் பெண்கள், குழந்தைகள்.
அந்தப் பக்கம் ஆண்கள்.
பேரரசு போனது. மன்னர் போனார்.
எத்தனையோ கொடிகள் ஏறி இறங்கின.
மதிலுக்கு மட்டும் வெள்ளையடிப்பது நிற்கவில்லை.

அந்தப் பக்கம் லிவியோ இருப்பார்.
விவாகரத்தில் தட்டுமுட்டுகளைப் பிரித்தோம்,
படகை விற்றோம்,
நாய் யாரோடு என்று வக்கீல் வைத்து வாதாடினோம்.
கரையைப் பிரிக்கிற வேலை மட்டும்
எங்களுக்கு இருக்கவில்லை.

மதில் கடலுக்குள் கொஞ்ச தூரம் நடந்து
ஆழம் வந்ததும் நின்றுவிடுகிறது,
நீந்தத் தெரியாதவனைப் போல.
அதற்கு அப்பால் மிதவைகளின் அருகே
சில நாள் இரண்டு தலைகள்.
"தண்ணீர் குளிர்கிறது" என்பார்.
"நேற்றைக்கு இது தேவலை" என்பேன்.
அவ்வளவுதான். அவரவர் கரைக்கு.

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை.
இரண்டு மணிக்கு ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனால்,
ஸ்தென்காவின் துண்டுக்குப் பக்கத்தில்
சிவப்புத் தொப்பி.
சீட்டைக் கலைத்துக்கொண்டே ஸ்தென்கா
அவளுக்குப் பாதி சுலோவேனியத்தில்
விளக்கிக்கொண்டிருந்தாள்.
மதில் எதற்கு என்று கேட்டிருக்கிறாள்.
"முலையைக் காயவைக்க.
வேறெதற்கு?"

கப்பல் ஊதியது.
ஈரத் தலையோடு, செருப்பைக் கையில் பிடித்தபடி
கற்களின் மேல் குதித்துக் குதித்து ஓடினாள்.
தொப்பியை மறந்துவிட்டாள்.
ஸ்தென்கா எடுத்து அணிந்துகொண்டு
துருப்புச் சீட்டை இறக்கினாள்.

வெகுநேரம் கழித்து
கப்பல் எழுப்பிய அலை வந்து சேர்ந்தது,
மதிலின் இரண்டு பக்கமும்
ஒரே சமயத்தில்.
குழந்தைகள் கத்தினார்கள். யாரோ செருப்பைத் தேடினார்கள்.
அந்தப் பக்கம் மூன்று தும்மல்,
பிறகு ஒரு கெட்ட வார்த்தை.

என் முறை வந்திருந்தது.
சீட்டைப் போட்டேன்.