ஓர் அங்குலப் பிசகு

ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்தேழு.
வடக்கு டகோட்டாவில் நிலம் இரும்பாகிக் கிடக்கும் மாதம்,
கணக்குப் பார்க்கத் தோதான மாதம்.

சமையலறை மேசையில் ரசீதுகளைப் பரப்புகிறாள் டோரித்.
டிராக்டருக்கு வழிகாட்டும் பெட்டி.
வானத்துக்குக் கட்டும் வருடச் சந்தா.
விதைக்கும் கருவியில் வரிசைக்கு ஒரு மோட்டார்,
இருபத்துநான்கு வரிசை.
மே மாதம் நடுவயலில் திரை இருண்டு நின்றபோது
ஃபார்கோவிலிருந்து மடிக்கணினியோடு வந்த பையன்:
நாற்பது நிமிடம், எழுநூறு டாலர்.
பூட்ஸில் மண்கூட ஒட்டவில்லை அவனுக்கு.

"மிச்சம் எவ்வளவு?"
காபிக் கோப்பைக்குள் பார்த்தபடி கேட்கிறான் ஆர்லன்.

விதையில் நான்கு சதவீதம்.
உரத்தில் ஒன்பது, நல்ல வருடமென்றால்.
எது நல்ல வருடம் என்பதைச் சிகாகோவில் யாரோ
ஒரு சோளக் கதிரையும் உரித்திராத விரலால்
தீர்மானிக்கிறார்கள்.

பக்கத்து வயல் வெண்டல் புர்ஷா
கண்ணளவில் ஓட்டுகிறார்.
அவர் வரிசைகள் கொஞ்சம் கோணல்.
கடனும் கொஞ்சம்தான்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது.
இங்கே ஏரே கணக்குப்பிள்ளை.
ஓர் அங்குலம் பிசகாமல்
எங்கெங்கே தோற்றோம் என்று எழுதி வைக்கிறது.

அச்சடித்து வந்த வரைபடத்தை விரிக்கிறாள்.
பச்சை, மஞ்சள், பச்சை,
தென்கிழக்கு மூலையில் சிவப்பாக
கழற்றிப்போட்ட கையுறை மாதிரி ஒரு திட்டு.
இருபத்திரண்டு ஏக்கர். உப்புப் பூத்த நிலம்.
எழுபத்தொன்பதில், விலை உச்சியில் இருந்தபோது
அவன் அப்பா தோர்வின் வாங்கியது.
மூன்று வருடம், மூன்று வரைபடம்.
கையுறை அசையவில்லை.

"அங்கே விதைக்காமல் விட்டாலே
ஏக்கருக்கு நூற்றுத் தொண்ணூறு மிஞ்சும்."

"அதைச் சொல்ல ஒரு பெட்டியா?
எனக்கு எப்பவோ தெரியும்."

"தெரிந்துகொண்டேவா விதைத்தாய்?"

கீழறையில் ஹீட்டர் கிளம்பி
கொஞ்ச நேரம் அவனுக்காகப் பேசியது.

அவளிடம் இன்னொன்று இருக்கிறது, போடக் கட்டம் இல்லை.
சக்கரம் தானே திரும்பக் கற்றதிலிருந்து
சும்மா இருக்கும் கையால்
தினமும் சாயங்காலம் மினியாபோலிஸில் மகளை அழைக்கிறான்.
அரை மைல் நீளப் பேச்சு.
வரப்போரம் வந்ததும் "இரு" என்பான்,
வண்டியைத் திருப்பிக்கொண்டு
இன்னொரு அரை மைல்.
இருபத்தாறு வருடத்தில் பேசாததையெல்லாம்
பிரிட்டாவோடு இரண்டு வசந்தங்களில் பேசியிருப்பான்.
இதற்கு ஏக்கருக்கு எவ்வளவு?

பென்சிலை வைத்துவிட்டு
சூப்பைச் சூடுபண்ணப் போனாள்.

மே பன்னிரண்டு.
கையுறையின் விளிம்பை வண்டி தொட்டதும்
மோட்டார்கள் ஒவ்வொன்றாக அடங்கின.
விதையில்லாமல், வெள்ளை பூத்த மண்மேல்
வெறும் சத்தமாய்ப் போயிற்று கருவி.
கண்ணாடிக்குள் ஆர்லன்
தேவையில்லாத சக்கரத்தை
இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

அன்று சாயங்காலம்
பிரிட்டாவின் போன் அடிக்கவில்லை.

நோட்டில் அந்த நாள்
வரவுப் பக்கம் இருக்கிறது.