பதினாறு இடங்களில் மாற்றப்பட்டது

காரைக்குடி, செக்காலை ரோடு.
ஜெராக்ஸ் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே என் நாற்காலி.
தமிழ் பக்கத்துக்கு முப்பது, இங்கிலீஷ் இருபது,
ஸ்பைரல் பைண்டிங் தனி.
மார்ச் பிறந்துவிட்டால்
வரலாறு, சமூகவியல், பொருளாதாரம் மூன்றும்
என் பத்து விரல் தாண்டித்தான் கல்லூரிக்குப் போகும்.

"பண்டைக்காலம் தொட்டே" என்று ஆரம்பிப்பார்கள்.
எல்லோரும்.
பண்டைக்காலம் தொட்டே பெண்கள்,
பண்டைக்காலம் தொட்டே வணிகம்,
பண்டைக்காலம் தொட்டே கண்மாய்.
அதற்கொரு குறுக்குவழி வைத்திருக்கிறேன்:
ப தட்டி ஒரு ஸ்பேஸ்.
"எனவே நாம் அனைவரும்" வேண்டுமென்றால் எ.
நடுவில் இருப்பதும் போன வருஷத்து அக்கா எழுதியதுதான்.
கானாடுகாத்தான் போய்ப் பள்ளத்தூர் வந்திருக்கும்,
எங்காவது ஓரிடத்தில் மாற்ற மறந்திருப்பார்கள்.
நானே மாற்றிவிடுவேன்.
அதற்குக் காசு வாங்குவதில்லை.

பாகம்பிரியாள் கொண்டுவந்தது கோடு போட்ட நோட்டு,
பென்சில் எழுத்து.
தலைப்பு எல்லோருக்கும் கொடுத்ததுதான்:
செட்டிநாட்டு வீடுகளும் சமூக அமைப்பும்.
பழக்கத்தில் ப தட்டி ஸ்பேஸும் தட்டிவிட்டேன்.
அழித்தேன்.
அவள் முதல் வரி இது:
"அந்த வீட்டுக்கு நூற்றுப் பதினான்கு கதவு.
எண்ணியது நான். துடைப்பது என் அம்மா."

தேக்கு எந்தக் கப்பலில் வந்தது என்று எழுதவில்லை.
தூணைக் கட்டிப்பிடித்துத் துடைத்தால்
ஒரு கை இன்னொரு கையைத் தொடாது என்று இருந்தது.
ஆத்தங்குடிக் கல் பளபளக்க எவ்வளவு எண்ணெய்,
அதற்குப் பிறகு முழங்காலுக்கு எவ்வளவு எண்ணெய்,
இரண்டும் ஒரே அட்டவணையில்.
படைப்புக்குப் பங்காளிகள் எண்பது பேர் வந்தால்
சாவி பதினொன்று, தண்ணீர் வரும் குழாய் ஒன்று.
பிறகு இப்படி:
"முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி
என்பது வீட்டின் வரிசை.
நாங்கள் அதைக் கடைசியிலிருந்து படிக்கிறோம்."

அங்கே கை நின்றது.
கரண்டும் நின்றது. செவ்வாய்க்கிழமை, மாதாந்திரப் பராமரிப்பு.
சேமிக்கவில்லை.
மாலை வந்ததும் அந்தப் பக்கத்தை
நோட்டைப் பார்க்காமலே தட்டினேன்.

அடுத்த வாரம் சிவப்பு மையோடு திரும்பி வந்தது.
"நான்" எல்லாம் வட்டத்துக்குள்.
ஓரத்தில்: ஆதாரம்? எண்ணியது யார்?
ஓரத்தில்: உணர்ச்சி தவிர்க்கவும்.
ஓரத்தில்: "ஆய்வாளர்" என எழுதுக. "பணியாளர்" என எழுதுக.

"மாத்திடலாமாக்கா?" என்றாள்.
மதிப்பெண் இருபத்தைந்து, தேதி நாளைக்கு.
தேடு என்ற பெட்டியில் என் அம்மா.
மாற்று என்ற பெட்டியில் பணியாளர்.
ஒரு தட்டு.
பதினாறு இடங்களில் மாற்றப்பட்டது என்றது கம்ப்யூட்டர்.

ஆனால் வேற்றுமை உருபு விடாது.
"பணியாளர்வுக்கு முழங்கால் வீக்கம்."
"பணியாளர்வின் கை."
ஒட்டிக்கொண்டு நின்ற வு, வி எல்லாவற்றையும்
ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.
அவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து
திரையைப் பார்க்காமல்
ஸ்டேப்ளர் பின்னை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

இருபத்துமூன்றாம் பக்கம், கீழிருந்து நாலாவது வரி.
அங்கே மட்டும் அவசரத்தில் பேசுகிற மாதிரி எழுதியிருக்கிறாள்:
"எங்கம்மாவிடம் கேட்டேன், எந்தக் கதவு பிடிக்கும் என்று.
பூட்டினால் பூட்டிக்கொள்கிற கதவு என்றாள்."
எங்கம்மா.
தேடச் சொன்ன வார்த்தை வேறு;
கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கவில்லை.
நான் கண்டுபிடித்தேன்.
கர்சர் அதன் முன்னால் கொஞ்சநேரம் துடித்தது.

பிரிண்ட் கொடுத்தேன்.

முப்பத்தெட்டுப் பக்கம், ஆயிரத்து நூற்று நாற்பது.
நாற்பதை விடு என்றேன்.
சூடாக வந்த தாள்களை அவள் தட்டி நேராக்கினாள்,
பக்க எண் சரிபார்த்தாள்,
இருபத்துமூன்றில் கட்டைவிரல் நின்றது,
நகர்ந்தது.
"அட்டை என்ன கலர்?" என்றேன்.
"நீலம் இருக்காக்கா?"
இருந்தது.