பளபளப்பு

ஒசூர் சிப்காட், காலை ஆறே கால்.
இரவுப் பணி மேசையில் ஒரு பலகை மட்டும்
கூடுதலாக மின்னியது.

எங்கள் பற்றாசு மங்கல்.
வெள்ளீயம், கொஞ்சம் வெள்ளி, துளி செம்பு:
ஆறியதும் சாம்பல் பூத்துவிடும்.
கண்ணாடிபோல் சிரித்தால்
காரீயம்.

கருவியை வைத்து அழுத்தினேன்.
அனுமதி ஆயிரத்தில் ஒரு பங்கு.
காட்டியது நூற்றுக்கு முப்பத்தாறு.

முனிராஜப்பா மறைக்கவில்லை.
பாகலூரில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த காலத்துச் சுருள்
சாப்பாட்டுப் பையில் வந்திருக்கிறது.
"இதுதான் மேடம் தண்ணியா ஓடும்.
உங்களோடது முரண்டு பண்ணுது.
சூடு ஏத்தினா பேட் பிஞ்சிடுது,
பிஞ்சா என் பேர்ல எழுதறீங்க."

எழுதியது நான்தான்.

வாசலில் லாரி எஞ்சினை அணைக்காமல் நிற்கிறது.
இருநூற்று நாற்பது பலகைக்கும் சிவப்புச் சீட்டு.
போனில் மேலாளர்: "ஒண்ணுதானேம்மா?"
தெரிந்தது ஒன்று சார்.

எப்படிப் பற்றவைத்தீர்கள், காட்டுங்கள் என்றேன்.
வலக்கையில் இரும்பு, இடக்கையில் இடுக்கி.
கம்பியைப்
பல்லில் கடித்துக்கொண்டார்.
பதினெட்டு வருடப் பழக்கம்.

படிவத்தில் பலகை எண், சுருள் எண்,
போய்ச் சேரும் நாடு.
பல்லுக்குக் கட்டம் இல்லை.
கருவியை ஆள்மேல் காட்டக் கூடாது, எக்ஸ்ரே.

ஓரத்து வெள்ளையில் கோணலாக எழுதினேன்:
ரத்தப் பரிசோதனை, கம்பெனிச் செலவில்.
மேலாளர் அடிப்பார். மறுபடி எழுதுவேன்.

வாயைக் கொப்பளிங்கண்ணா என்றேன்.
குழாயடியில் நின்று
என்னைப் பார்த்துச் சிரித்தார்.
வெற்றிலைக் காவி.
எதுவும் மின்னவில்லை.