குஞ்சப்பனைக்குக் கீழே

கோவையிலிருந்து அபுதாபி நான்கு மணி நேரம்.
அங்கே காத்திருப்பு மூன்று.
அப்புறம் டப்ளின், எட்டு.
டிக்கெட்டின் பின்பக்கம் பிரமிளா கூட்டல் போட்டிருந்தாள்,
மண்டிக் கணக்குப் போல அடியில் கோடிழுத்து:
பதினைந்து.
கிலோமீட்டர் எட்டாயிரத்துச் சொச்சம்.
சொச்சத்தை எழுதவில்லை.

விமான நிலையத்திலிருந்து கோத்தகிரி
எழுபதைத் தாண்டாது.
அதை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

கண்ணாடிக் கதவருகே அவள் திரும்பினாள் என்றுதான் நினைக்கிறேன்.
அந்த நேரம் பார்த்து ஒருவர் ட்ராலியால் என் குதிகாலை இடித்தார்.

பச்சைத் தேயிலை மணம் போகாத ஆம்னி.
பக்கத்து இருக்கையில் அவள் உரித்துப் போட்ட ஆரஞ்சுத் தோல்.
மேட்டுப்பாளையத்தில் டீ குடித்துவிட்டு
முதல் வளைவு ஏறும்போது
போனில் அவள் விமானம் ஒரு மஞ்சள் பூச்சி,
கரையைத் தாண்டிக்
கடலுக்குள் தலை நீட்டியிருந்தது.

குஞ்சப்பனைக்குக் கீழே
எல்லா வண்டியும் விளக்கணைத்து நின்றன.
சாலைக்குக் குறுக்கே ஒரு பலா மரம்,
காய்த்த காய்ப்போடு.
மரத்துக்கு அந்தப் பக்கம் யானை.
கூடவே குட்டி.

ரம்பம் இருக்கிறது, அறுக்க ஆளும் இருக்கிறது.
"அது தின்னு முடிக்கட்டும்" என்றார் வனக்காவலர் மருதன்,
பந்தியில் முதல் வரிசை எழக் காத்திருப்பவர் குரலில்.

காலி கேரட் லாரியிலிருந்து இறங்கி
சவரிமுத்து என்பவர் என் ஜன்னலுக்கு வந்தார்.
"யாரை அனுப்பிட்டு வர்றீங்க?"
"வீட்டுக்காரி. நர்ஸ். டப்ளின் போறா."
"எவ்வளவு தூரம்?"
"பதினைஞ்சு மணி நேரம்."
"அவ்வளவுதானா?
போன மாசம் நாக்பூர் லோடு, எனக்கு நாலு நாள்."
பீடியைப் பற்றவைக்கப் போனவர்
யானையை நினைத்துக்கொண்டு தீக்குச்சியைப் பைக்குள் போட்டார்.
இரண்டு வருஷ ஒப்பந்தம் என்பதை
நான் அவரிடம் சொல்லவில்லை.
சொன்னால் அதையும் நாக்பூரோடு சேர்த்துவிடுவார்.

யானை ஒரு பழத்தை மிதித்துப் பிளந்தது.
மணம் இறங்கி வந்தது, நாற்பது வண்டிக்கும்.

பதினொன்றரைக்கு சிக்னல் போனது.
மஞ்சள் பூச்சி அரபிக்கடலின் நடுவே
அசையாமல் நின்றது.
திக்கென்றது. பிறகு சிரிப்பு வந்தது.
அவளும் நிற்கிறாள், நானும் நிற்கிறேன்.
ஒன்பது வருஷக் குடித்தனத்தில்
இத்தனை ஒற்றுமை எங்களுக்கு வாய்த்ததில்லை.
வரும் வழியில்கூட
பெட்டி எடைக்காகச் சண்டை.

தூறல் வலுத்தது. கண்ணாடியை ஏற்றினேன்.
பலா மணம் உள்ளேயே தங்கிவிட்டது.

எப்போதோ போன் அதிர்ந்தது.
"இறங்கிட்டேன். ஏசி நம்ம ஊர் மாதிரி குளிருது.
வீட்டுக்குப் போயாச்சா?"

அவள் ஒரு கடலைக் கடந்துவிட்டாள்.
எனக்கு இன்னும் ஒரு மரம் இருக்கிறது.

'போயாச்சு' என்று அடித்தேன். அழித்தேன்.
'பக்கத்துல வந்துட்டேன்' அடித்தேன்.
அதுவும் பொய்யா என்று தெரியவில்லை.
பிறகு உள்ளதைச் சொன்னேன்:
"யானை பலாப்பழம் சாப்பிடுது. முடிச்சதும் போயிடுவேன்."

ஒற்றை டிக்.

குட்டிக்குப் பழத்தைப் பிளக்கத் தெரியவில்லை.
மருதனின் டார்ச் வெளிச்சத்தின் விளிம்பில்
அதை இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும்
உருட்டிக்கொண்டே இருந்தது.