கோடிட்ட இடங்கள்

ஹம்லே மழை ஓய்ந்து
தெசியே மலைமேல் மூடுபனி இறங்கிய இரவு.
குழாயைச் சுற்றிச் சுருட்டி
ரப்பர் வளையம் போட்டு வந்து சேர்ந்தது படிவம்.
மூலையில் ஒரு துளி ரத்தம்.

பெயர்: ஸின்னாஷ்.
அவ்வளவுதான். தகப்பன் பெயர் இல்லை.
எங்கள் ஊரில் அது பாதிப் பெயர்.
வயது: பெரியவர்.
பால்: காலி. பெயரை வைத்து
நானே பெண் என்று எடுத்துக்கொண்டேன்.
வார்டு: இரண்டு கட்டங்களுக்கு நடுவே விழுந்த ஒரு டிக்.
நோய் விவரம்: ஒரு கேள்விக்குறி
(என்னைக் கேட்கிறாரா, கடவுளையா?)
கையெழுத்து: மையில் விழுந்து எழுந்த எறும்பின் தடம்.
நேரம்: 3.

பள்ளிக்கூடத்தில்
கோடிட்ட இடத்தை நிரப்பாமல் விட்டால்
ஒரு மதிப்பெண் போகும்.
இங்கே என்ன போகும் என்று
எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

திருப்பி அனுப்பலாம்.
'நிறைவுபெறாத படிவம் ஏற்கப்படாது.'
சுவரில் அதை ஒட்டியவனே நான்தான்.
ஆனால் விதிக்கு நைட் ட்யூட்டி கிடையாது.
எந்திரத்தில் ஓட்டிப் பார்த்தேன்.

பொட்டாசியம் ஏழு புள்ளி நான்கு.
மறுபடி ஓட்டினேன்.
ஏழு புள்ளி நான்கு.
சீரத்தில் சிவப்பே இல்லை,
ஆறிப்போன எலுமிச்சைத் தேநீர்போலத் தெளிவு.

இப்போது அந்த மூன்று.
எங்கள் கணக்கில் மணி விடியலில் தொடங்கும்.
எங்கள் இரவு மூன்று, கைபேசியின் கணக்கில் ஒன்பது.
அப்படியானால் ரத்தம் எடுத்து
இரண்டு மணி நேரம்தான் ஆகிறது.
எண் நிஜம். இதயம் எந்த நொடியும் நிற்கலாம்.
டாக்டர் கைபேசியைப் பார்த்து எழுதியிருந்தாலோ
அது பட்டப்பகல் மூன்று.
எட்டு மணி நேரம் குளிரில் கிடந்த குழாயில்
செல்கள் கசிந்து கசிந்து ஊதிய எண். பொய்.

ஒற்றை இலக்கம்.
ஒருத்தி செத்துக்கொண்டிருக்கிறாள்,
அல்லது
குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறாள்.

போன் எண் இருக்க வேண்டிய இடத்தில்
கோடு மட்டும்.
நடந்தேன்.

மெடிக்கல் வார்டில் அந்தப் பெயரில் யாருமில்லை.
எலும்பு வார்டில் ஒருத்தி இருந்தாள்,
மாவுக்கட்டுப் போட்ட காலை உயரத்தில் தொங்கவிட்டு.
"என் ரத்தத்தை யாரும் கேட்கவே இல்லையே" என்று
கொஞ்சம் குறைபட்டுக்கொண்டாள்.
பிரசவ வார்டில் செவிலி வுத்தினெஷ்
உதட்டில் விரல் வைத்து விரட்டினாள்.

மாடிப்படிக்குக் கீழே
ஆக்சிஜன் உருளைகளுக்கு அருகில்
தரையில் ஒரு மெத்தை, நீலக் கம்பளி.
பெயரைச் சொன்னதும் தலைமாட்டில் இருந்தவன் எழுந்தான்.
"ஸின்னாஷ் அராகவ். என் அக்கா."
எப்போது ரத்தம் எடுத்தார்கள்?
"இஷா தொழுதுவிட்டு வந்தேன், அதற்குக் கொஞ்சம் பின்னால்."

எங்கள் மூன்று.

அவளுக்குக் கட்டில் கிடைக்கவில்லை.
ஆகவே வார்டு இல்லை.
அந்த டிக் தவறி விழவில்லை.
இரண்டு கட்டங்களுக்கு நடுவில்தான்
அவளே கிடந்தாள்.

டாக்டர் எலியாப்
மருந்து அலமாரியில் சாய்ந்து நின்றபடியே தூங்கினார்,
தொடர்ந்து முப்பத்தோராவது மணி நேரம்.
வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த வசவுகள்
தொண்டை வரை வந்தன.
எண்ணை மட்டும் சொன்னேன். ஓடினார்.

கால்சியம். பிறகு இன்சுலின்.
கூடாரம்போல் கூர்த்து நின்ற இசிஜி அலைகள்
விடிவதற்குள் தணிந்தன.

மெஸ்கெரெமில் தணிக்கைக் குழு வந்தது.
நானூறு படிவங்களைப் புரட்டிக் கட்டம் கட்டமாய் எண்ணி
வார்டு குறித்தவை நூற்றுக்கு அறுபத்தொன்று என்றது.
ஒன்றை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
"இதை எதில் சேர்ப்பது?" என்றார் கண்ணாடி போட்டவர்.

வார்டு என்ற கோட்டின்மேல், என் எழுத்தில்:
மாடிப்படிக்குக் கீழே, நீலக் கம்பளி.
அதற்கும் கீழே, அந்த 3-ஐ ஒட்டி,
இடம் போதாமல் நெருக்கி எழுதிய ஒரு சொல்:
எங்களுடையது.