முரசு

முழுக்கைச் சட்டைக்கு இங்கே யாரும் காரணம் கேட்பதில்லை.
அட்டன் குளிர் எனக்காகப் பொய்ச்சாட்சி சொல்லும்.
பன்னிரண்டு வருஷம்.
முழங்கை இரண்டிலும் வெள்ளிச் செதில்,
டிக்கட் புத்தக மடிப்பில்
கோதுமை மா மாதிரிக் கொட்டிக் கிடக்கும்.
ஊதிவிட்டுக் கிழித்துக் கொடுப்பேன்.

வெத்தலைக்கும் யாரும் காரணம் கேட்பதில்லை.
பல் விளக்கினால் இரத்தம் வருகிற வாய்க்கு
அதைவிட நல்ல திரை எது?
டிக்கோயாவில் துப்பினாலும் சிவப்பு,
நோர்வூட்டில் துப்பினாலும் சிவப்பு.
எது பாக்கு, எது நான் என்று
பிரித்துப் பார்க்க யாருக்கு நேரம்.

வாய் இருந்தால் வங்காளம் போகலாமாம்.
என் வாய்
பொகவந்தலாவை வரை போய்த் திரும்பும்,
நாளைக்கு நாலு தரம்.

ஒரு நாள் கெம்பியன் வளைவில்
கம்பியைப் பிடித்ததில் சட்டை மேலே ஏறிவிட்டது.
ஈரக்குடையோடு நின்ற டீச்சர்
என் கைக்குத் தரவேண்டிய காசை
சீட்டின் விளிம்பில் வைத்தார்.
அது உருண்டு
யாருடையவோ கரட் மூட்டைக்கடியில் போனது.
பஸ்ஸே குனிந்து தேடியது.
அவரும் தேடினார், பாவம்.

என்னிடம் இரண்டு கிளினிக் கொப்பி.
தோல் கொப்பி நுவரெலியாவுக்கு,
பல் கொப்பி டிக்கோயாவுக்கு.
சாமிப் படத்துக்குப் பின்னால் ஒன்று,
அரிசி வாளிக்கு மேல் ஒன்று,
மனஸ்தாபமான சம்பந்தி வீடுகள்போல
ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை.
தோல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லவில்லை.
பல் டாக்டர் சட்டையைச் சுருட்டச் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
ஒரு நோய் என்றால் நோயாளி,
இரண்டு என்றால் பாவி
என்று நினைத்திருந்தேன்.

ஆனியில் கடைவாய்ப்பல் ஆடியது.
புதிதாய் வந்திருந்தவர் டாக்டர் நதீஷா.
அரிசியில் கல் பொறுக்குவதுபோல்
தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பேசுவார்.
மெல்லிய கம்பியை முரசுக்குள் விட்டு
ஆழம் பார்த்தபோது
நாற்காலியின் கையை இறுக்கினேன்.
சட்டை ஏறியது, வழக்கம்போல.
என் வாயை அப்படியே திறந்தபடி விட்டுவிட்டு
முழங்கையைப் பார்த்தார்.

"இது எத்தனை வருஷம்?"
பன்னிரண்டு.
"முரசில் இரத்தம்?"
பத்து, பதினொன்று...
சொல்லும்போதுதான்
எனக்கே கேட்டது.

"இரண்டும் சொந்தம்" என்றார்.
"எது மூத்தது, தெரியாது. இன்னும் படிக்கிறார்கள்.
இரண்டிலும் உடம்பு கோபம். வீக்கம்.
இது உள்ளவர்களுக்கு அதுவும் கூடுதலாக வரும்."
முரசு ஆறினால் தோலும் ஆறுமா, மிஸ்?
"சத்தியம் பண்ண மாட்டேன்.
ஆறாத முரசு தோலுக்கு நல்லதில்லை.
வெத்தலை வேண்டாம்.
அடுத்த முறை இரண்டு கொப்பியும் கொண்டுவாங்க."

பஸ்ஸுக்கு நடக்கும்போது
லயத்தை நினைத்தேன்.
ஆறாம் காம்பிராவில் தீப்பிடித்த ராத்திரி
ஒன்பதாம் காம்பிராக்காரன் ஏன் வாளியோடு ஓடினான்?
எல்லாத்துக்கும் மேலே ஒரே தகரம்.
பிறகு, சம்பந்தமில்லாமல் இன்னொன்று:
பிரட்டுக் களத்தில் அடிக்கிற தப்பும் தோல்தான்,
பல்லுக்கு அடியில் இருப்பதற்கும் முரசு என்றுதான் பெயர்.
பத்து வருஷம் அடித்திருக்கிறது.
நான் வெத்தலை போட்டு மூடியிருக்கிறேன்.

புரட்டாதி. விடிய நாலு மணி. பீலியடி.
துப்பினேன்.
நுரை வெள்ளையாக இருந்தது.
நம்பாமல் டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
முழங்கை அப்படியேதான்.
இடது பக்கம் சிவப்பு கொஞ்சம் குறைந்த மாதிரி.
"டோர்ச் வெளிச்சம் அப்படித்தான்" என்கிறாள் பத்மதேவி.
இருக்கலாம்.

வெத்தலை இல்லாத வாயோடு
டிக்கோயா, நோர்வூட் என்று கத்தினேன்.
எனக்கே அது
வேறு யாரோ கத்துவதுபோல் இருந்தது.

அந்த டீச்சர் ஏறினார்.
சட்டையை நான் இறக்கவில்லை.
கையை நீட்டினேன்.
நூறு ரூபாய்த் தாளைப் பிடித்தபடி
அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

கெம்பியன் வளைவு வருகிறது.
அங்கே எல்லாரும்
எதையாவது பிடித்தே ஆகவேண்டும்.