அடுப்பு கேட்காதது

மீட்டர் சாவி வாகீசனின் கோட்டுப் பையில்.
கோட்டு, கொவென்ட்ரிக்கு வெளியே ஏதோ கிடங்கில்.
நாளைக்கு நத்தார். விளக்கும் இல்லை, அடுப்பும் இல்லை;
கோழி பச்சையாகவே காத்திருக்கிறது.

சரி,
அடுப்பு கேட்காத ஒன்று இருக்கிறதே.
கைபேசி வெளிச்சத்தில்
கிரான்பெரியை நறுக்கினால்
பாதி பலகையில்,
பாதி உருண்டோடி
பிரிட்ஜுக்கு அடியில் ஒளிகிறது.
தோடம்பழம், தோலோடு. சீனி ஒரு சிறங்கை.
இஞ்சி கொஞ்சம், யாரும் சொல்லாமலே.

நக்கிப் பார்த்தேன்:
பல் கூசி, கண் மூடி
தோள்வரைக்கும் இறங்கியது புளிப்பு.
விடியட்டும், அடங்கிவிடும் என்று
மூடிவைத்தேன்.

பதினொன்றரைக்குத்தான் மீட்டர் பசியாறியது.
திடீர் வெளிச்சத்தில் அவன் கண்டது
சுவரில், சட்டையில், என் நாடியில்
தெறித்த சிவப்பு.
"ஆரையடி?" என்றான்.

"கோழியை இன்னும் தொடேல்லை" என்றேன்.